கீமோ, வெள்ளை அணு, 100.4: வீட்ல இருக்கறவங்க தெரிஞ்சு வச்சுக்க வேண்டியது

எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியா சில இடங்கள்ல சுருக்கியிருக்கேன்.

வழக்கமா இந்த பாட்காஸ்ட்ல டெக், வேலை, சம்பளம்னு பேசுவோம். இன்னைக்குக் கொஞ்சம் வேற. போன வருஷம் எங்க பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்னு தெரிஞ்சது. கும்பகோணத்துலேர்ந்து வந்து, கீமோ முடியற வரைக்கும் அடையாறுல என் ஃப்ளாட்லதான் தங்கியிருந்தாங்க. அந்த நாலஞ்சு மாசத்துல நான் கத்துக்கிட்டதுல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எல்லார்கிட்டயும் சொல்லணும்னு தோணுச்சு. அதுக்குத்தான் இந்த எபிசோட்.

ரெண்டாவது கீமோ முடிஞ்சு பத்தாவது நாள். ராத்திரி பதினொண்ணே முக்கால். பெரியம்மா போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டு, "லேசா குளிருதுப்பா, வேற ஒண்ணும் இல்ல"ன்னாங்க. தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தா 100.6. எனக்கு உடனே தோணினது, ஒரு டோலோ போட்டுப் படுக்கட்டும், காலைல டாக்டருக்கு போன் பண்ணலாம். பெரியம்மாவும் அதையேதான் சொன்னாங்க: "காலைல பாத்துக்கலாம்ப்பா. உனக்கு ஆபீஸ் இருக்கு, இந்த நேரத்துல எதுக்கு அலையணும்?"

மாத்திரையைக் கையில எடுத்துட்டேன். ஃபைல்ல டாக்டர் நம்பர் தேடும்போது, முதல் கீமோ அன்னைக்கு நர்ஸ் குடுத்த ஒரு தாள் கண்ல பட்டுச்சு. அதுல ஒரு வரிக்குக் கீழ அவங்களே பேனாவால ரெண்டு கோடு போட்டிருந்தாங்க. காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினா, எந்த நேரமா இருந்தாலும் உடனே வாங்க, மாத்திரை போட்டுட்டுக் காத்திருக்காதீங்க. ரீட்மீ ஃபைலைப் படிக்காம கோடை ரன் பண்றவன் நான். இதையும் அப்படித்தான் ஒரு மாசமா படிக்காம வச்சிருந்தேன்.

கேப் புக் பண்ணிப் போனோம். ரத்தப் பரிசோதனை ரிசல்ட்ல மொத்த வெள்ளை அணு 1,400. அதுல நியூட்ரோஃபில் 20 சதவீதம். அந்த ரெண்டு எண்ணையும் பார்த்ததும் ட்யூட்டி டாக்டர் முகம் மாறினது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. ஏன் மாறுச்சுன்னு புரிய எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. அதைத்தான் இப்ப சொல்லப் போறேன்.

பால் வண்டி நின்னா என்ன ஆகும்

வெள்ளை அணுக்கள்ல பல வகை இருக்கு. பாக்டீரியா உள்ள வந்தா முதல்ல ஓடிப் போய்ச் சண்டை போடறது நியூட்ரோஃபில். இதுக்கு ஆயுசு ரொம்பக் கம்மி. ரத்தத்துல சில மணி நேரத்துலேர்ந்து ஒரு நாள் வரைக்கும்தான் இருக்கும். அதனால நம்ம எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 10,000 கோடி நியூட்ரோஃபிலைப் புதுசு புதுசா செஞ்சு அனுப்பிட்டே இருக்கணும்.

கீமோ மருந்துகள்ல பெரும்பாலானதுக்கு, வேகமா பெருகற செல்தான் இலக்கு. புற்றுநோய் செல் வேகமா பெருகுது, அதனால அடி வாங்குது. ஆனா முடியோட வேர், வாய்க்குள்ள இருக்கற தோல், குடலோட உள்பக்கம், எலும்பு மஜ்ஜை, இதெல்லாமும் வேகமா பெருகறதுதான். மருந்துக்கு வித்தியாசம் தெரியாது. முடி கொட்டறது, வாய்ப்புண், வயித்துப்போக்கு, வெள்ளை அணு குறையறது எல்லாத்துக்கும் காரணம் ஒண்ணுதான்.

சரி, கீமோ போட்ட அன்னைக்கே ஏன் குறையறதில்ல? ஆவின் பாலை நினைச்சுக்கோங்க. பண்ணையில இன்னைக்குக் கறவை நின்னாலும், நாளைக்குக் காலைல பாக்கெட் வந்துடும். ஏற்கெனவே வண்டியில ஏறினது, குளிர் அறையில இருக்கறது எல்லாம் தீர்ந்த பிறகுதான் கடையில "பால் இல்ல"ன்னு சொல்வாங்க. எலும்பு மஜ்ஜையிலயும் தயாரான நியூட்ரோஃபில் சில நாளுக்கு இருப்பு இருக்கும். அது தீர்ந்த பிறகுதான் ரத்தத்துல கவுன்ட் விழும்.

பல கீமோ முறைகள்ல ஏழாவது நாள்லேர்ந்து பதினாலாவது நாளுக்குள்ள கவுன்ட் அடிமட்டத்தைத் தொடும். அப்புறம் மஜ்ஜை மெல்ல எழுந்து, மூணாவது, நாலாவது வாரத்துல பழைய நிலைக்கு வரும். 21 நாளைக்கு ஒரு தடவை கீமோ வைக்கறதுக்கு முக்கியமான காரணம் இதுதான். வாராவாரம் போடற மருந்துக்கும் ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்கும் இந்தக் கணக்கு மாறும். உங்க வீட்டு நோயாளிக்கு எந்தெந்த நாள் கவுன்ட் கீழ இருக்கும்னு டாக்டர்கிட்ட கேட்டு, காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க. அந்த நாட்கள்ல காய்ச்சலுக்கு அர்த்தமே வேற.

ரிப்போர்ட்ல எதைப் பாக்கணும்

நாம எல்லாரும் டோட்டல் கவுன்ட்டைத்தான் பாப்போம். டாக்டர் பாக்கறது ஏ.என்.சி. ரத்தத்துல நிஜமா எத்தனை நியூட்ரோஃபில் இருக்குங்கற எண். கணக்கு ரொம்ப ஈஸி: மொத்த வெள்ளை அணுவை நியூட்ரோஃபில் சதவீதத்தால பெருக்கி, நூறால வகுக்கணும். ரிப்போர்ட்ல 'பேண்ட்'னு தனியா ஒரு சதவீதம் இருந்தா அதையும் நியூட்ரோஃபிலோட கூட்டிக்கணும். பெரியம்மாவுக்கு 1,400-ல 20 சதவீதம், அதாவது 280.

1,500-க்குக் கீழ போனா 'நியூட்ரோபீனியா'ன்னு பேரு. 1,000-க்குக் கீழ போனா இன்னும் கவனமா இருக்கணும். 500-க்குக் கீழ போனா கடுமையான நிலை. இந்த எண்ணெல்லாம் சும்மா வச்சது கிடையாது. 1966-ல அமெரிக்காவுல ஜெரால்ட் போடி என்கிற டாக்டரும் அவரோட சகாக்களும் ரத்தப் புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து கவனிச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நியூட்ரோஃபில் எவ்வளவு கீழ போகுதோ, எத்தனை நாள் கீழயே கிடக்குதோ, அவ்வளவுக்குத் தொற்று கூடுதுன்னு அதுல தெளிவா தெரிஞ்சது. ரெண்டு விஷயத்தையும் கவனிங்க: எவ்வளவு கீழ, எத்தனை நாள். மார்பகப் புற்றுநோய் மாதிரியான கட்டிகளுக்கான சிகிச்சையில பெரும்பாலும் சில நாள்ல மேல வந்துடும். ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில வாரக்கணக்கா கீழயே கிடக்கலாம். அவங்களுக்கு ஆபத்து பல மடங்கு.

காய்ச்சல் மட்டும்தான் மணி அடிக்கும்

இதுதான் எனக்குத் தெரியாம இருந்தது. ஒரு இடத்துல தொற்று வந்தா சிவக்கும், வீங்கும், சீழ் கட்டும். அந்தச் சீழே பெரும்பாலும் செத்துப்போன நியூட்ரோஃபில்தான். நியூட்ரோஃபில் இல்லாத உடம்புல சீழ் எப்படிக் கட்டும்? நுரையீரல்ல தொற்று இருந்தும் சளி வராது, எக்ஸ்ரேல சரியா தெரியாது. பல நேரத்துல காய்ச்சல் மட்டும்தான் ஒரே அடையாளம்.

இன்னொண்ணு. இந்தக் கிருமிகள் பாதிக்கு மேல வெளியிலேர்ந்து வர்றதில்ல, நம்ம குடல்லயும் தோல்லயும் ஏற்கெனவே குடியிருக்கறதுதான். கீமோவால குடலோட உள்தோல் புண்ணாகி இருக்கும், அந்த வழியா ரத்தத்துக்குள்ள இறங்கிடும். அதனால, "நாங்க வீட்டுக்குள்ள யாரையுமே விடல, எப்படித் தொற்று வரும்?"னு கேக்கறதுல பிரயோஜனம் இல்ல. யார் மேலயும் பழி போட வேண்டியதும் இல்ல.

1970-க்கு முன்னாடி வழக்கமான முறை, ரத்தத்தை கல்ச்சருக்கு அனுப்பி, என்ன கிருமின்னு தெரிஞ்ச பிறகு மருந்து குடுக்கறது. அதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும். சூடோமோனாஸ் மாதிரி கிருமி அவ்வளவு நேரம் குடுக்கறதில்ல. 1971-ல ஸ்டீஃபன் ஷிம்ப்ஃபும் அவரோட குழுவும், காய்ச்சல் வந்த உடனே, கிருமி எதுன்னு தெரியறதுக்கு முன்னாடியே, ரெண்டு ஆன்டிபயாட்டிக்கைச் சேர்த்துக் குடுத்தா உயிர் பிழைக்கறாங்கன்னு காட்டினாங்க. இன்னைக்கு உலகம் முழுக்க விதிமுறை இதுதான். ஆஸ்பத்திரிக்குள்ள வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள முதல் டோஸ் ஏறணும். கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துட்டு மருந்தை ஆரம்பிச்சுடுவாங்க, ரிசல்ட் வந்த பிறகு மாத்திக்கலாம்.

எண் என்னன்னா, ஒரு தடவை 101 டிகிரி, இல்லன்னா 100.4 ஒரு மணி நேரம் நீடிச்சா காய்ச்சல். வீட்ல இருக்கறவங்க அந்த ஒரு மணி நேரம் உக்காந்து பாத்துட்டு இருக்க வேண்டாம்னு பல ஆஸ்பத்திரிகள்ல 100.4-னாலே கூப்பிடச் சொல்வாங்க. உங்க ஆஸ்பத்திரி சொன்ன எண்தான் உங்க எண்.

சில சின்ன விஷயங்கள், ஆனா முக்கியம்:

அக்குள்ல வச்சுப் பாத்தா வாய்ல காட்டறதைவிடக் கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும். அக்குள்ல 100 காட்டினாலே போன் பண்ணிக் கேட்டுடுங்க. ஆசனவாய்ல தெர்மாமீட்டர் வைக்கவே கூடாது, எனிமாவும் கூடாது. அங்க ஒரு சின்னக் கீறல் போதும், கிருமி உள்ள போறதுக்கு.

டோலோ, க்ரோசின் எதுவா இருந்தாலும் டெம்பரேச்சர் பாத்து, டாக்டர்கிட்ட கேட்ட பிறகுதான். மாத்திரை காய்ச்சலை இறக்கிடும், கிருமியை ஒண்ணும் பண்ணாது. மணியை மட்டும் நிறுத்தி வச்ச மாதிரி ஆகிடும். கீமோவோட குடுக்கற டெக்ஸாமெத்தசோன் மாதிரியான ஸ்டீராய்டும் காய்ச்சலை மறைக்கும். அதனால காய்ச்சல் இல்லாமலே நடுக்கம், தலைசுத்தல், மூச்சு வாங்கறது, திடீர்னு பேச்சுல குழப்பம், யூரின் கம்மியாப் போறது, இதுல எது இருந்தாலும் கிளம்பணும்.

எமர்ஜென்சி வாசல்ல சொல்ல ஒரு வாக்கியம் மனப்பாடமா இருக்கட்டும்: "கீமோ நடக்குது, இன்னைக்குப் பத்தாவது நாள், காய்ச்சல் இவ்வளவு." வெறும் காய்ச்சல்னு சொன்னா வரிசையில உக்கார வைப்பாங்க. இப்படிச் சொன்னா உள்ள கூட்டிட்டுப் போவாங்க.

போனவங்க எல்லாரையும் வாரக்கணக்கா அட்மிட் பண்ணிடுவாங்கன்னு பயப்பட வேண்டாம். ஆபத்து கம்மின்னு மதிப்பெண் போட்டுப் பாத்து, சிலரை மாத்திரையோடயே வீட்டுக்கு அனுப்பறதும் உண்டு. ஆனா அந்த முடிவை டாக்டர்தான் எடுக்கணும், பெரியம்மாவும் நானும் இல்ல.

அடையாறு சொல்ற கதை

என் வீட்லேர்ந்து நடந்து போற தூரத்துல அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டோட பழைய வளாகம் இருக்கு. தங்கச்சியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கினது. 1952-ல நேரு அடிக்கல் நாட்டினார், 1954-ல 12 படுக்கையோட ஆரம்பிச்சது. முத்துலட்சுமியோட மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021 ஜனவரியில காலமான டாக்டர் சாந்தாவும் வாழ்நாள் முழுக்க அதை வளர்த்தாங்க.

இன்னைக்கு நாம பேசற விஷயத்துக்கும் இந்த இடத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. 1970-கள்ல இந்தியாவுல, லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளும் இளைஞர்களும் பிழைக்கறது அபூர்வம். 1984-லேர்ந்து மும்பை டாடா மெமோரியல், டெல்லி எய்ம்ஸ், அடையாறு இன்ஸ்டிட்யூட் மூணும் எம்.சி.பி. 841-னு ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்ற ஆரம்பிச்சாங்க. நாலு வருஷம் நோய் திரும்பாம இருந்தவங்க 20 சதவீதத்துக்கும் கீழ இருந்தது, 45-லேர்ந்து 60 சதவீதம் வரைக்கும் ஏறுச்சு. 2005-ல வெளிவந்த அவங்களோட கட்டுரை இதுக்கு ரெண்டு காரணம் சொல்லுது. ஒண்ணு, ஒரே சீரான மருந்து முறை. இன்னொண்ணு, சப்போர்ட்டிவ் கேர், அதாவது தொற்று, ரத்தம், சத்து இதையெல்லாம் கவனிச்சுக்கறது. மேலை நாடுகளோட ஒப்பிட்டா இங்க முடிவுகள் ஏன் இன்னும் பின்தங்கி இருக்குன்னும் அதுல கேக்கறாங்க. முக்கியமான ஒரு காரணம், நோயால இல்லாம சிகிச்சையோட பக்கவிளைவால இறந்தவங்க இங்க அதிகம்ங்கறது.

இதைப் படிச்சப்ப எனக்குக் கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல. மருந்து வேலை செய்யுது, புற்றுநோய் சுருங்குது, ஆனா பத்தாவது நாள் ராத்திரி ஒருத்தர் "காலைல பாத்துக்கலாம்"னு படுத்துடறாங்க. சர்தார் படேல் ரோடு பஸ் ஸ்டாப்ல ஃபைலோட நிக்கறவங்கள்ல பாதிப் பேர் வெளி மாவட்டம். கீமோ முடிஞ்சதும் திருவண்ணாமலைக்கோ தேனிக்கோ பஸ் ஏறிடுவாங்க. கவுன்ட் விழற நாள்ல அவங்க இருக்கறது ஊர்ல. அதனால ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே, அங்க ராத்திரியில போகக்கூடிய பெரிய ஆஸ்பத்திரி எதுன்னு டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணி வச்சுக்கணும். சிகிச்சை விவரம் இருக்கற தாளோட ஜெராக்ஸும், போன்ல ஒரு போட்டோவும் கூடவே இருக்கட்டும்.

கவுன்ட் ஏத்தற ஊசி

மஜ்ஜையைத் தட்டி எழுப்பி நியூட்ரோஃபில் செய்ய வைக்கற ஒரு புரதம் நம்ம உடம்புலயே இருக்கு. ஜி.சி.எஸ்.எஃப்-னு பேரு. அதை மருந்தாக்கினதுதான் ஃபில்கிராஸ்டிம். 1991-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. 2001-ல டாக்டர் ரெட்டீஸ் இந்தியாவுலயே தயாரிச்சு 'கிராஃபீல்'னு விற்பனைக்குக் கொண்டு வந்தாங்க. சாதா ஃபில்கிராஸ்டிமை தினமும் சில நாள் போடணும். பெக்ஃபில்கிராஸ்டிம்னா ஒரு சைக்கிளுக்கு ஒரு ஊசி போதும்.

"எல்லாருக்கும் போட்டுடலாமே?"ன்னு நானும் கேட்டேன். காய்ச்சலோட கவுன்ட் விழற வாய்ப்பு 20 சதவீதத்துக்கு மேல இருக்கற கீமோவுக்கு முன்கூட்டியே போடுவாங்க. அதுக்குக் கீழன்னா வயசு, மத்த வியாதிகள், போன தடவை என்ன ஆச்சு இதெல்லாம் பாத்து முடிவு பண்ணுவாங்க. காய்ச்சல் இல்லாம ரிப்போர்ட்ல எண் மட்டும் குறைஞ்சிருக்குன்னா, வழக்கமா இந்த ஊசி தேவையில்ல. பெரியம்மாவுக்கு மூணாவது சைக்கிள்லேர்ந்துதான் போட்டாங்க.

கீமோ முடிஞ்சு குறைஞ்சது 24 மணி நேரம் கழிச்சுத்தான் போடணும். முன்னாடியே போட்டா, மஜ்ஜையில புதுசா பெருகற செல்லெல்லாம் கீமோகிட்ட மாட்டிக்கும். இடுப்பு, முதுகு, தொடை எலும்புல நல்லா வலிக்கும். அது மஜ்ஜை வேலை செய்யறதால வர்ற வலி. டாக்டர்கிட்ட சொன்னா மருந்து குடுப்பாங்க. ஊசிக்கப்புறம் கவுன்ட் 20,000, 30,000-னு கூடப் போகலாம், அதைப் பாத்துப் பதற வேண்டாம். ஊசியை ஃபிரிட்ஜ்ல 2-லேர்ந்து 8 டிகிரி செல்சியஸ்ல வைக்கணும், ஃப்ரீசர்ல வைக்கக் கூடாது. மே மாச வெயில்ல ஐஸ் பேக் இல்லாம பைக் பெட்டியில வச்சுக் கொண்டு வராதீங்க.

சில சமயம் ஊசி இல்லாம கீமோவை ஒரு வாரம் தள்ளி வைப்பாங்க, இல்ல அளவைக் குறைப்பாங்க. அது தோல்வி இல்ல. ஆனா நாமளா தள்ளிப் போடக் கூடாது.

பப்பாளி இலையும் சுவரொட்டியும்

இது இல்லாம எபிசோடை முடிச்சா சொந்தக்காரங்க விடமாட்டாங்க. பெரியம்மாவுக்குக் கவுன்ட் குறைஞ்சதுன்னு தெரிஞ்ச வாரத்துல எங்க ஃபேமிலி குரூப்ல வந்த லிஸ்ட்: மாதுளை, பீட்ரூட், ஆட்டுச் சுவரொட்டி, பப்பாளி இலைச் சாறு, நிலவேம்பு. மாதுளை, பீட்ரூட், சுவரொட்டி எல்லாம் ஹீமோகுளோபின் சம்பந்தமா நம்ம ஊர்ல சொல்றது. ஹீமோகுளோபின் சிவப்பணு, நாம பேசறது வெள்ளையணு. பப்பாளி இலை டெங்குல பிளேட்லெட்டுக்காகச் சொல்றது, அதுவும் வேற அணு. நியூட்ரோஃபிலை ஏத்தற சாப்பாடு எதுவும் கிடையாது. மஜ்ஜை எழ நாள் ஆகும், அவ்வளவுதான்.

நல்லா வெந்த சுவரொட்டி, முட்டை, பருப்பு எல்லாம் தாராளமா சாப்பிடலாம், புரதம் தேவை. ஆனா பச்சையா அரைச்ச இலைச் சாறுல கிருமி இருக்கும், கீமோ மருந்தோட சேர்ந்து கல்லீரலுக்குத் தொந்தரவு வரலாம். கஷாயம், லேகியம் எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

அதே மாதிரி, பழமே கூடாது, பச்சைக் காய்கறியே கூடாதுங்கற கடுமையான பத்தியம் தொற்றைக் குறைக்குதான்னு ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டாங்க. குறைக்கறதா தெரியல. சுத்தம்தான் முக்கியம். கொதிக்க வச்ச தண்ணி, சூடா அப்பவே செஞ்ச சாப்பாடு, நல்லாக் கழுவின, தோலுரிச்ச பழம். வெளியில வாங்கற சட்னி, வெட்டி வச்ச பழம், பானிபூரி, அரைவேக்காடு முட்டை, காய்ச்சாத பால் வேண்டாம். கோயில் தீர்த்தத்தைக் கண்ல ஒத்திக்கிட்டா போதும்னு பெரியம்மாகிட்ட நான் சொன்னப்ப, "பெருமாள் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார்"னு அவங்களே சொல்லிட்டாங்க.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவறதுதான் இருக்கறதுலயே பெரிய விஷயம், நோயாளி மட்டும் இல்ல, வீட்ல எல்லாரும். மெத்துன்னு இருக்கற பிரஷ், உப்புத் தண்ணியில வாய் கொப்பளிக்கறது. சளி, காய்ச்சல் இருக்கறவங்க பாக்க வர வேண்டாம். செடித் தொட்டி மண்ணைக் கிளற வேண்டாம், கட்டட வேலை நடக்கற தூசிப் பக்கம் போக வேண்டாம், அதுல பூஞ்சை இருக்கும். பல் பிடுங்கறது, தடுப்பூசி எதுவா இருந்தாலும் முன்னாடியே டாக்டர்கிட்ட கேக்கணும்.

கடைசியா

அன்னைக்கு ராத்திரி பெரியம்மாவுக்கு ஆன்டிபயாட்டிக் ஏறும்போது மணி பன்னெண்டே முக்கால். அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில இருந்தோம். மூணாவது நாள் காய்ச்சல் விட்டது, அஞ்சாவது நாள் ஏ.என்.சி. 1,100. மிச்ச கீமோவெல்லாம் முடிஞ்சு இப்ப கும்பகோணத்துல இருக்காங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்கு வர்றாங்க.

போன மாசம் வந்தப்ப ஒண்ணு சொன்னாங்க. "அன்னைக்கு எனக்கே தெரிஞ்சுதுப்பா, உடம்பு வேற மாதிரி இருக்குன்னு. உன்னை எழுப்ப வேண்டாம்னுதான் சாயந்தரத்துலேர்ந்து சொல்லாம இருந்தேன்." சாயந்தரத்துலேர்ந்து. அஞ்சு மணி நேரம்.

நம்ம வீட்டுப் பெரியவங்க இப்படித்தான். அவங்களா சொல்லட்டும்னு காத்திருக்காதீங்க. காலண்டர்ல வட்டம் போட்ட நாட்கள்ல காலை, சாயந்தரம் ரெண்டு வேளையும் நீங்களே தெர்மாமீட்டரை எடுத்துட்டுப் போய் வைங்க. குளிருதுன்னு சொன்னா இன்னொரு தடவை வைங்க. ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் எழுப்பலாம்னு முன்னாடியே அவங்ககிட்ட சொல்லி வைங்க, ஒரு தடவை இல்ல, நாலு தடவை.

நான் டாக்டர் இல்ல, கோட் எழுதறவன். உங்க வீட்டு நோயாளிக்கு எது சரின்னு அவங்க டாக்டர்தான் சொல்லணும். இந்த எபிசோடை, வீட்ல யாருக்காவது கீமோ நடக்கறவங்களுக்கு மட்டும் அனுப்புங்க. அடுத்த வாரம் வழக்கம்போல வேலை, சம்பளம் பேசலாம். பை மக்களே.